சுத்தமாக இருந்த தாள்

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு நான் முதலில் பார்த்தது, எதுவும் ஒட்டாமல் வெள்ளையாகவே இருந்த ஒரு டிஷ்யூ தாள்.

என் கணவர் இரவில் மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் முகமூடியை அப்போதுதான் அதால் துடைத்திருந்தேன். முகமூடியின் விளிம்பு சிலிகான். மூக்குத் தண்டு, இரண்டு கன்னங்கள், மேலுதடு என்று நான்கு இடங்களில் அது முகத்தில் அழுந்தும். ஓர் ஆள் நான்கைந்து மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு படுத்தால், மறுநாள் துடைக்கும் தாளில் இளமஞ்சளாக எண்ணெய்க் கறை வரும். மூக்குத் தண்டு படும் இடத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே வரும். மிஷின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கறை வராத காலை இல்லை. அன்று வரவில்லை. தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். மடித்து இன்னொரு முறை துடைத்தேன். பிறகு மிஷினின் திரையைத் தட்டினேன். முந்தைய இரவு ஓடிய நேரம் ஐந்து மணி இருபது நிமிடம் என்றது.

ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர் பதிப்பில் இருபத்திரண்டு வருடம் செய்தி திருத்தும் மேஜையில் இருந்தவள் நான். ஒரே விபத்துக்கு இரண்டு நிருபர்கள் இரண்டு எண்ணிக்கை கொடுத்தால், இரண்டையும் போடாமல் நிறுத்தி வைத்துவிட்டு மூன்றாவது ஆளுக்குப் போன் போடுவது அங்கே வழக்கம். மூன்றாவது ஆள் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ராத்திரி மிஷின் போட்டீங்களா?”

“போடாம? திரையில பாரு. அஞ்சே கால் மணி நேரம் காட்டும்.”

நான் எத்தனை மணி நேரம் என்று கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

அந்த மிஷின் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஓவர்ஹெட் கிரேன் ஓட்டுபவர். கூரைக்குக் கீழே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு டன் மூன்று டன் எடையுள்ள அச்சுகளைத் தூக்கி ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்த்துவது வேலை. பத்தொன்பது வருடமாக ஒரு கீறல் விழுந்ததில்லை. இந்த மார்ச்சில் ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில், தூக்கிய அச்சு அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. கீழே இருந்தவர்கள் விசில் அடித்தார்கள், கத்தினார்கள். யாரோ ஏணியில் ஏறிப் போய்க் கூண்டைத் தட்டினார்கள். உள்ளே அவர் கைப்பிடியில் கை வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அச்சுக்கு நேர் கீழே இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

பரிசோதனையில், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறு என்று தெரிந்தது. அவருடைய குறட்டைக்குப் பயந்து முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டு ஆறு வருடமாகியும் அது ஒரு நோய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காற்றை அழுத்தி மூக்குக்குள் அனுப்புகிற மிஷின், தினமும் போட வேண்டும் என்றார்கள். கம்பெனி டாக்டர் அவரைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்தார். நிபந்தனை எளிமையானது. தொடர்ந்து முப்பது இரவு, இரவுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் மிஷின் போட வேண்டும். மிஷினுக்குள் இருக்கும் கார்டு அதைப் பதிவு செய்யும். கார்டு சரியாக இருந்தால் மறுபடி கிரேன். இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரை ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கலாம்.

அவருக்கு அந்தக் கண்ணாடிக் கூண்டு வேண்டும். எனக்கும் அவர் அங்கே திரும்பப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கார்டு பொய் சொல்லி அவர் மேலே போனால், கீழே நிற்கிற இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தது அந்த இரண்டு பேரைப் பற்றித்தான்.

சுத்தம் என் பொறுப்பு. மிஷின் வந்த அன்றே, அதோடு வந்த சின்னப் புத்தகத்தைப் படித்து ஏழு வரியாகச் சுருக்கி, தெளிவான கையெழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். தினமும் காலையில் முகமூடியைத் துடைக்க வேண்டும். காற்றை ஈரப்படுத்த மிஷினில் இருக்கும் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசிக் கவிழ்க்க வேண்டும். தொட்டிக்குக் கேனில் வரும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். காவேரித் தண்ணீரோ போர் தண்ணீரோ கூடாது. வாரம் ஒரு முறை, மிஷினிலிருந்து காற்று வரும் ஹோஸையும் முகமூடியையும் வெதுவெதுப்பான தண்ணீரில், வாசனை இல்லாத சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ஃபில்டரைப் பார்க்க வேண்டும். கழுவியதை வெயிலில் காயப் போடக் கூடாது. ஏழாவது வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்: ஹோஸுக்குள் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது.

வாராந்திரக் கழுவலுக்கு வெள்ளிக்கிழமை என்று வைத்தோம். செவ்வாயும் வெள்ளியும் நான் ஓர் அச்சகத்துக்குப் புரூஃப் பார்க்கப் போவேன். அதனால் வெள்ளிக்கிழமை வேலையை என் நாத்தனார் எடுத்துக்கொண்டார். என் கணவரின் அக்கா. அவர் எங்களோடுதான் இருக்கிறார். நாற்பது வருடம் பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டுவதுதான் அவருடைய தொழில். பிரேசர் டவுனிலும் சுற்றிலும் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டியவர். முட்டி வலி வந்த பிறகு போவதில்லை. கதவில் ஒட்டிய தாளை அவர் ஒரு முறை சத்தமாகப் படித்தார்.

“இவ்ளோதானா? இதுக்கா இத்தனை வரி? குழந்தைய கழுவுறதுக்கே நான் இவ்ளோ கேட்டதில்ல.”

“ஈரம் மட்டும் இருக்கக் கூடாது, அண்ணி. ஈரம் இருந்தா உள்ள பூஞ்சை புடிச்சிக்கும். அப்புறம் அதத்தான் அவர் மூச்சா இழுப்பார்.”

“இருக்காது. என் கைல குடுத்துட்டல்ல, விடு.”

முதல் வெள்ளைத் தாள் வந்த அந்தச் சனிக்கிழமையிலிருந்து நான் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். தேதி, திரையின் மணி, தாளின் நிறம். சனி: வெள்ளை. ஞாயிறு: வெள்ளை. திங்கள்: வெள்ளை. செவ்வாய்: லேசாக ஓர் ஓரத்தில். புதன், வியாழன்: மஞ்சள். அடுத்த சனி: வெள்ளை. திரை மட்டும் எல்லா நாளும் நான்கு மணிக்கு மேலேயே இருந்தது. ஒரு நாள்கூடக் குறையவில்லை. தூங்குகிற மனிதனின் எண்கள் அவ்வளவு ஒழுங்காக வராது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பழைய நண்பர்களோடு டீக்கடையில் ஒரு மணி நேரம் நிற்பார். ஞாயிறு லீவு. வெள்ளை நாட்கள் வார இறுதியைச் சுற்றியே வருவதை நான் அந்த டீக்கடையோடு சேர்த்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவர் டீக்கடையில் நிற்பதும் உண்மை, சனிக்கிழமை தாள் வெள்ளையாக இருப்பதும் உண்மை. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தது நான்.

அவர் இரும ஆரம்பித்திருந்தார். வறட்டு இருமல், காலையில் அதிகம். ஒரு திங்கட்கிழமை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார்.

“அந்த ஹோஸை எதப் போட்டுக் கழுவுறீங்க? டெட்டாலா?”

“சோப்புதான்.”

“சோப்பு மாதிரி இல்ல. கருகின வாடை அடிக்குது. தொண்டையில போய் ஒட்டிக்குது.”

“போட்டுக்கப் பிடிக்கலன்னா அதச் சொல்லுங்க. ஹோஸ் மேல ஏன் பழி போடறீங்க?”

“சும்மா கேட்டேன்மா. பேப்பர் ஆபீஸ் கேள்வியெல்லாம் என்கிட்ட கேக்காத.”

கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்கு பாதிதான் வேலை செய்கிறது. பால் தீய்ந்தால் எனக்குக் கண்ணால்தான் தெரியும். ஹோஸை முகர்ந்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. சாக்கு சொல்கிறார் என்று நோட்டில் எழுதவில்லை, மனதில் எழுதிக்கொண்டேன். ஆனாலும் சொன்னதைச் சரிபார்க்காமல் விடுகிற பழக்கம் இல்லை. அவர் வேலைக்குப் போனதும் ஹோஸை நிமிர்த்திப் பிடித்து, ஒரு முனையில் டார்ச்சை வைத்து, மறு முனையில் கண்ணை வைத்தேன்.

ஹோஸின் உட்புறம் மடிப்பு மடிப்பாக வளையங்கள். வாங்கிய அன்று உள்ளே வெள்ளையாக இருந்தது. இப்போது ஒவ்வொரு வளையத்தின் பள்ளத்திலும் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு. மிஷினோடு இணைகிற முனையில் அதிகமாகவும், முகமூடிப் பக்கம் குறைவாகவும் இருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் தேய்த்தேன். பிசுபிசுப்பாக வந்தது. பூஞ்சை பிசுபிசுக்காது என்று எனக்குத் தோன்றியது. மிஷினின் பின்பக்கத்தைத் திறந்து ஃபில்டரை எடுத்தேன். ஃபில்டர் சாம்பல்கூட ஏறாமல் வெள்ளையாக இருந்தது.

மிஷின் விற்றவரை வரவழைத்தேன். இளவயதுக்காரர், கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசினார். ஹோஸுக்குள் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

“மேடம், உங்க ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருக்காங்க. தூளு. வேற ஒண்ணும் இல்ல.”

“தூசி வெளியிலேர்ந்து வந்தா முதல்ல ஃபில்டர்ல நிக்கணும். ஃபில்டர் வெள்ளையா இருக்கே?”

அவர் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடுத்த கேள்வியை வைத்திருந்தேன்.

“இது புது மிஷின்தானா? யாரோ உபயோகிச்சதத் துடைச்சுக் குடுத்தீங்களா?”

“அய்யோ மேடம்!” அவர் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, எனக்குத் தெரியாத ஒரு பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தார். மோட்டார் பிறந்ததிலிருந்து ஓடிய மொத்த நேரம் அதில் இருந்தது. என் நோட்டில் இருந்த மணிகளோடு அதற்கு முந்தைய நாட்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய ஒத்துப்போனது. மிஷின் புதுசுதான்.

அவர் பையை மூடினார். வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, தயங்கி நின்றார்.

“கேக்கக் கூடாது மேடம். சார் சிகரெட் புடிப்பாரா?”

“இல்ல.”

“அப்போ சரி. இந்தக் கலர் நான் அப்பிடிப்பட்ட வீட்லதான் பாத்திருக்கேன். பேஜார் பண்ணிக்காதீங்க, சும்மா கேட்டேன்.”

என் கணவர் சிகரெட்டை விட்டுப் பதினான்கு வருடம். எனக்குத் தெரிந்து பதினான்கு வருடம் என்று அன்று மத்தியானம் திருத்திக்கொண்டேன். சட்டைப் பைகள், செருப்பு அலமாரி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவர் வந்து குளிக்கப் போனதும் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினேன். மழைக்கோட்டின் அடியில் ஒரு தீப்பெட்டி. புதுசு. எங்கள் அடுப்பு லைட்டரில் பற்றுவது.

தீப்பெட்டியை சாப்பாட்டு மேஜையில், அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

“அட, மறந்தே போய்ட்டேன். அக்கா கேட்டிருந்தா.”

“அவங்களுக்கு எதுக்கு?”

“கேட்டா. வாங்கினேன். இதுக்கு ரசீதா குடுப்பாங்க?”

நாத்தனார் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். “ஆமாம்மா, நான்தான் சொன்னேன். விளக்குக்கு.”

தம்பிக்கு ஒன்று என்றால் அவர் எதையும் தன் மேல் போட்டுக்கொள்வார். சின்ன வயதில் தம்பி உடைத்த பள்ளிக்கூடக் கண்ணாடிக்குத் தான் அடி வாங்கிய கதையை எனக்குப் பல முறை சொல்லியிருக்கிறார். அதனால் அந்த ‘நான்தான்’ எனக்கு ஒரு விளக்கமாகப் படவில்லை. முன்னாலேயே பேசி வைத்துக்கொண்ட பதில் மாதிரி இருந்தது. நான் நோட்டை எடுத்து வந்து கணவர் முன்னால் விரித்தேன்.

“சனி வெள்ளை. ஞாயிறு வெள்ளை. திங்கள் வெள்ளை. முகத்துல மாட்டின முகமூடி இப்பிடி இருக்காது. ஹோஸ் உள்ள பழுப்பு. கருகின வாடைன்னு நீங்களே சொல்றீங்க. இப்ப தீப்பெட்டி. நான் என்ன நினைக்கிறது?”

அவர் நோட்டை வெகுநேரம் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

“என் மூஞ்சி எண்ணெயக் கூட நோட்டு போட்டு எழுதறியாடி?”

சாப்பிடாமல் எழுந்துபோனார். சிகரெட் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை என்பதை நான் கவனித்தேன். முகமூடியை மாட்டினேன் என்றும் சொல்லவில்லை.

கம்பெனி டாக்டரின் நர்ஸ் எண் என்னிடம் இருந்தது. மறுநாள், செவ்வாய், அச்சகத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரு செய்தி தட்டினேன்: கார்டில் உள்ள மணியை மட்டும் நம்ப வேண்டாம். மூன்று முறை சுருக்கி இதற்கு மேல் சுருக்க முடியாத அளவுக்கு வந்தது. அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. முப்பது நாளில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

அந்த வாரம் வீட்டில் நான்கு கண்கள் என்னைப் பார்க்காமல் நடமாடின. டிஸ்டில்டு வாட்டர் கேனின் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, அளவு குறைகிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் குறைந்தது. சோப்பு சரி, தண்ணீர் சரி, ஃபில்டர் சரி, மிஷின் சரி. மிச்சம் இருந்தது மனிதர் மட்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அச்சகத்தில் கரண்ட் போனது. மழை வேறு, இனி வராது என்று அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது நான்கு ஐம்பது. கூடத்தில் மங்கலாகப் புகை நின்றது. வெள்ளிக்கிழமை அது புதிதல்ல. சாயங்காலம் நாத்தனார் எல்லா அறைகளுக்கும் சாம்பிராணி காட்டுவார், நான் வருவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் அன்று புகை வந்தது சாமி அலமாரிப் பக்கமிருந்து அல்ல. சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற யுட்டிலிட்டியிலிருந்து.

எட்டிப் பார்த்தேன். நாத்தனார் தாழ்ந்த மணையில், கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூபக்கால். அதில் கொட்டாங்குச்சிக் கரி கனன்றுகொண்டிருந்தது. கழுவிய ஹோஸ் அவர் முழங்காலின் மேல் நீளமாகக் கிடந்தது. ஒரு முனையைத் தூபக்காலுக்கு நேர் மேலே பிடித்திருந்தார். மறு முனையை இடது கையால் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். அதிலிருந்து வெள்ளைப் புகை மெல்லிய நூலாக, ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஹோஸை விரல்களால் உருட்டி உருட்டித் திருப்பினார், எல்லாப் பக்கமும் சமமாகப் படும்படி. முகமூடி ஒரு பிரம்புக் கூடையின் கீழே, தனிப் புகையில் இருந்தது.

“அண்ணி, என்ன பண்றீங்க?”

“வந்துட்டியா? காய வைக்கிறேன்மா. ஒரு வாரமா வெயிலே இல்ல. துணியே காயல, இது எங்க காயும்? நீதான் ஒரு சொட்டு இருக்கக் கூடாதுன்ட்ட.” இன்னும் ஒரு சிட்டிகை சாம்பிராணியைத் தூவினார். “இப்பப் பாரு, அஞ்சு நிமிஷத்துல எலும்பு மாதிரி காஞ்சிடும். கிருமியும் அண்டாது.”

“எத்தனை வாரமா?”

“மழை புடிச்சதிலேர்ந்து. ஏன்?”

மழை பிடித்ததும் முதல் வெள்ளைத் தாள் வந்ததும் ஒரே வாரம். நான் ஹோஸை வாங்கி, டார்ச்சை வைத்து, மறு முனையை அவர் கண்ணுக்குக் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது என்ன, பீடிக்காரன் பல்லு மாதிரி?”

“சாம்பிராணிதான். ராத்திரி மிஷின் சுடுதண்ணி ஆவிய இதுக்குள்ள அனுப்பும். அது இந்தப் பிசின இளக்கி அவர் மூக்குல கொண்டுபோய் விடும். வெள்ளி ராத்திரி ஜாஸ்தி. போகப் போகக் குறையும். திரும்ப வெள்ளி வரும்.”

அவர் ஹோஸைக் கீழே வைத்தார். குரல் ஏறியது.

“நாப்பது வருஷம் பச்சப் புள்ளைங்களுக்குக் காட்டின கைம்மா இது! இந்த ஏரியாவுல பாதி பேரு என் கால்ல படுத்துக் குளிச்சவங்க. ஒருத்தனுக்கு ஒரு தும்மல் வந்திருக்குமா? தம்பிக்குப் போய் நான் கெடுதல் பண்ணுவேனா?”

“கெடுதல்னு சொல்லல, அண்ணி.”

“வா இங்க.” எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, குளியலறைக் கதவு வரை நடந்தார். விரலை வைத்து என் ஏழு வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தார். “தண்ணி, சொல்லியிருக்க. சோப்பு, சொல்லியிருக்க. வெயில் வேணாம், சொல்லியிருக்க. சாம்பிராணி வேணாம்னு எங்க இருக்கு? காட்டு.”

எங்கேயும் இல்லை. அந்தச் சின்னப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: புகை, வாசனைப் பொருள் எதையும் அருகில் கொண்டுவர வேண்டாம். ஏழு வரியில் அடங்க வேண்டும் என்று நான்தான் அதை வெட்டியிருந்தேன். இதை யார் செய்வார்கள் என்று நினைத்து வெட்டியது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

ஆறரைக்கு என் கணவர் வந்தபோது ஹோஸ் சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளின் மேல் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அக்காவே சொல்லிவிட்டார்.

“டேய், உன்னைய நான்தான் புகை போட்டிருக்கேன். மூணு வாரமா. கருவாடு மாதிரி.”

அவர் ஹோஸை எடுத்து முகர்ந்தார். சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடிந்தது. “அதான் பாத்தேன். ராத்திரி முழுக்க யாரோ எனக்குப் பூசை பண்ற மாதிரியே இருந்துது.”

“அந்தத் தீப்பெட்டி விளக்குக்கு மட்டுமில்ல, கரி பத்த வைக்கவும்தான், தாயே” என்றார் நாத்தனார் என்னைப் பார்த்து. “இதயும் நோட்டுல எழுதிக்கோ.”

அவர் உள்ளே போன பிறகு என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“சிகரெட் இல்ல. நீ நம்புனா நம்பு.”

“நம்பறேன். ஆனா மணி?”

ஹோஸின் முனையைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“போட்டா இருமல் வருது. கழட்டினா மிஷின் காத்து வெளிய போகுதுன்னு கத்துது. முகமூடியத் தலகாணில கவுத்து, மேல இன்னொரு தலகாணி வச்சு அமுக்கிட்டேன். சத்தம் போடல. மணி ஓடிச்சு.”

“எத்தனை நாள்?”

“நீதான் எழுதி வச்சிருக்கியே. பாத்துக்கோ.”

பார்த்தேன். பதினொன்று.

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். வாடை அடிக்குதுன்னு சொன்னேன். ஹோஸ் மேல பழி போடறேன்னுட்ட. அப்புறம் எதச் சொல்ல? ஸ்டோர்ல உக்காந்து பாரு. மேல கிரேன் போற சத்தம் கேக்கும். ஓட்றவன் பிரேக் புடிக்கிறது சரியில்ல, உலுக்குறான். எனக்குக் கீழேர்ந்தே தெரியும்.”

அவர் சொன்னதில் எது மன்னிப்பு, எது புகார் என்று பிரிக்க முடியவில்லை. பதினொரு நாள் பொய்யோடு அந்தக் கார்டு இன்னும் ஒரு வாரத்தில் டாக்டர் மேஜைக்குப் போகும். ஹோஸ்தான் காரணம் என்று தெரிந்த பிறகும், அவர் அதைக் கொடுத்துவிட்டுக் கிரேனில் ஏறிக்கொள்வாரோ என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. நர்ஸுக்கு எழுதிய வரி போனில் அப்படியே இருந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் அவர் மிஷின் போடவில்லை. பழைய ஹோஸை யாரும் தொடவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் மிஷின் விற்றவர் புது ஹோஸும் புது முகமூடியும் கொண்டுவந்தார். காரணத்தைச் சொன்னேன். அவர் சாம்பிராணி என்ற சொல்லைக் கன்னடத்தில் ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு யுட்டிலிட்டியை ஒரு பார்வை பார்த்தார். காய வைக்க ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். கழுவி உதறிய ஹோஸை, தண்ணீர் ஊற்றாமல், மிஷினில் மாட்டிப் பத்து நிமிடம் ஓட விட்டால் போதும். காற்றே உலர்த்திவிடும், ஆனால் அந்த நிமிடங்களும் அன்றைய இரவுக் கணக்கில் ஏறும் என்றார். நாத்தனார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார். கழுவியது அவர்தான், வேறு யாரையும் விடவில்லை. பத்து நிமிடமும் மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஹோஸின் வாயில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வெறுங் காத்து. இதுல என்ன இருக்கு?” என்றார் கடைசியில்.

கதவில் ஒட்டிய தாளில் எட்டாவது வரி எழுதினேன்.

சாயங்காலம் என் கணவர் வந்து, டிபன் பாக்ஸைத் தொட்டியில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னார். “டாக்டரப் பாத்தேன். பழைய கார்டு தப்புன்னு குடுத்துட்டேன். இன்னிலேர்ந்து முப்பது நாள் மறுபடி.”

“என்ன சொன்னார்?”

“தலகாணிக் கதைய அவரு முன்னாடியே கேட்டிருக்காராம். நாலு மணி நேரம், ஒரு நாள் குறைஞ்சாலும் திரும்ப மொதல்லேர்ந்துன்னார்.” சட்டைப் பையிலிருந்து புதுக் கார்டை எடுத்துக் கொடுத்தார். “நீயே போடு. அப்புறம் நான் ஏதோ பண்ணிட்டேன்னு எழுதுவ.”

டாக்டரைப் பார்த்தார் என்பதற்கு என்னிடம் இருந்தது அந்தக் கார்டு மட்டும். அது டாக்டர் கொடுத்ததா, வழியில் வாங்கியதா என்று திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கம்பெனி மருத்துவ அறையின் சின்ன முத்திரை இருந்தது. மிஷினில் செருகினேன். போனில் இருந்த வரியை அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு முகமூடியைத் துடைத்தேன். தாளில், மூக்குத் தண்டு படும் இடத்தில், மஞ்சளாகக் கறை இருந்தது. கன்னம் படும் இரண்டு இடங்களிலும் இருந்தது. திரையைத் தட்டினேன். நான்கு மணி இரண்டு நிமிடம் காட்டியது. அதில் பத்து நிமிடம், முந்தைய நாள் ஹோஸை உலர்த்த ஓடியது.